நான் கூட்டிய ஒரு மணி நேரம்

எத்ரெத்தா என்ற ஊரின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு தீக்தேயில். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆசிரியர் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், நாம் எழுதுவோம், பிழைக்குப் பிழை மதிப்பெண் குறையும். அன்றைய பத்தி நோர்மாந்திக் கடற்கரையைப் பற்றியது. அதில் ஃபலேஸ், கலே, மாரே என்று மூன்று சொற்கள் வந்தன. கடலோரத்துச் செங்குத்துப் பாறை, கூழாங்கல், ஓதம். மூன்றையும் பிழையில்லாமல் எழுதினேன். மூன்றில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை.

கடலோரத்துப் பையனுக்கு இது வேடிக்கையான நிலைமைதான். புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் அலை ஓசை கேட்கும். ஆனால் எங்கள் கரையில் நீர் ஏறுவதும் வற்றுவதும், அமாவாசை பௌர்ணமியிலும்கூட, ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மீனவர்களுக்குத் தெரியும், மாலையில் காற்று வாங்கப் போகிறவனுக்குத் தெரியாது. எத்ரெத்தாவில் அதே அமாவாசைக்கு நீர் 7, 8 மீட்டர் ஏறி இறங்குகிறது. இரண்டு மாடி உயரம், ஆறு மணி நேரத்தில். இதைப் புத்தகத்தில் படித்து நான் நன்றாகவே அறிந்திருந்தேன். அந்த அறிவுதான் என்னையும் மாப்பிள்ளையையும் பேரனையும் ஒரு குகைக்குள் எட்டரை மணி நேரம் உட்கார வைத்தது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் வடக்குக் கரையில், லு ஆவ்ர் துறைமுகத்திலிருந்து சாலை வழியே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது எத்ரெத்தா. அங்கிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் கரை முழுவதும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்தான். ஊருக்கு இரண்டு பக்கமும் 70, 80 மீட்டர் உயரத்துக்கு வெள்ளையாக எழுந்து நிற்கிறது. வெள்ளையின் நடுவே கறுப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். அவை சிக்கிமுக்கிக் கல் அடுக்குகள். கடல் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது, சிக்கிமுக்கி மட்டும் உருண்டு உருண்டு கரையில் தங்குகிறது. அந்த ஊர்க் கடற்கரையில் மணலே இல்லாமல் எல்லாம் கூழாங்கல்லாக இருப்பதன் காரணம் இதுதான். அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை, நெல்லைச் சாக்கிலிருந்து கொட்டுவது போல் இருக்கும்.

கடலைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் போர்த் தாவால் என்ற வளைவு. பாறையின் முனை ஒரு கால் நீட்டிக் கடலுக்குள் ஊன்றியிருக்கிறது. துதிக்கையை நீரில் விட்ட யானை என்று பிரெஞ்சுக்காரர்களே சொல்கிறார்கள். யானையைத் தினமும் கோயில் வாசலில் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லவும் வேண்டுமா? அதற்கு அப்பால் சுமார் 50 மீட்டர் உயரத்தில் ஒற்றைக் கூம்பாக நிற்பது ஊசிப்பாறை. மொரீஸ் லெப்லான் 1909-இல் தம்முடைய திருடன் ஆர்சேன் லுப்பேனை இந்த ஊசிக்குள் புதையலோடு குடிவைத்தார். உள்ளே பொள்ளல் எதுவும் கிடையாது, திடமான சுண்ணாம்புதான். என் பேரன் அதை நம்ப மறுத்தான். நாங்கள் பாறைக்குக் கீழே நடக்கக் கிளம்பியதற்கு அவனுடைய லுப்பேனும் ஒரு காரணம்.

மேலே போக நல்ல பாதை இருக்கிறது. பழைய நாளில் சுங்கக் காவலர்கள் கள்ளக்கடத்தலைப் பிடிக்க நடந்த வழி. எல்லாரும் அதில்தான் போகிறார்கள். கீழே போகும் வழி நீர் வற்றியிருக்கும்போது மட்டும் திறக்கும் வழி. பாசி படிந்த பாறைத் தட்டின்மேல் நடந்து இடது பக்கப் பாறையின் அடியை அடைந்தால், ஓர் இரும்பு ஏணி. ஏணிக்கு மேலே ஒரு பெரிய குகை வாய். அதற்குள் ஒரு சுரங்கம் பாறையைக் குடைந்துகொண்டு மறுபக்கம் போகிறது. மறுபக்கத்தில் இன்னொரு கடற்கரை. சுவர்போன்ற பாறை சூழ்ந்த அந்தக் கரையின் கோடியில் மான்போர்த் என்ற மூன்றாவது வளைவு, மற்ற இரண்டையும்விடப் பெரியது. நீர் ஏறிவிட்டால் இந்த வழி அடைபடும். பாறை மேலே ஏறித் தப்பிக்கவும் முடியாது.

நான் ஓய்வு பெற்றதற்கு மறு ஆண்டு செப்டம்பரில், மகள் வீட்டிலிருந்து சனி ஞாயிறுக்கு அங்கே போயிருந்தோம். அமாவாசை கழிந்து நான்காம் நாள். போகுமுன் மாப்பிள்ளையின் நண்பர் வீட்டில் பிரெஞ்சுக் கடற்படை நீர்வரைவுத் துறை வெளியிடும் தடித்த ஓத அட்டவணை கிடைத்தது. இரவு உட்கார்ந்து அதன் முன்னுரை முழுவதையும் படித்தேன். முப்பத்தைந்து வருடம் அரசாணைகளின் அடிக்குறிப்பைப் படித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு இது பொழுதுபோக்கு.

அந்த அட்டவணைக்கே ஒரு வரலாறு உண்டு. நிலவும் சூரியனும் கடலை இழுப்பதை நியூட்டன் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு குறிப்பிட்ட துறைமுகத்தில் நாளை எவ்வளவு நீர் நிற்கும் என்று கேட்டால் அதை வைத்துச் சொல்ல முடியாது. ஓடுகிற கடலுக்கான கணிதத்தை உண்டாக்கியவர் லாப்லாஸ். அவரும் 1749-இல் இதே நோர்மாந்தியில் பிறந்தவர்தான். ப்ரெஸ்த் துறைமுகத்தில் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளந்து வந்த கணக்குகள் அவருக்கு உதவின. பிறகு ஷஸலோன் என்ற நீர்வரைவுப் பொறியாளர் 1839-ஆம் ஆண்டுக்கு முதல் ஓத அட்டவணையைப் போட்டார். அன்றிலிருந்து ஆண்டுதோறும் வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஓதத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள்: 20 என்றால் மிகச் சோம்பலான கடல், 120 என்றால் அதன் உச்சம், 70 சராசரி. நாங்கள் போன நாளுக்கு 90-க்கு மேல். பள்ளியில் எனக்கு யாரும் 90 போட்டதில்லை.

ஆங்கிலக் கால்வாயில் ஏன் இவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஓத அலை, உள்ளே வர வர ஒடுங்குகிற, ஆழம் குறைகிற வாய்க்காலில் நுழைகிறது. போக இடமில்லாமல் உயர்கிறது. பூமியின் சுழற்சி அதை வலப்பக்கமாக, அதாவது பிரெஞ்சுக் கரைப் பக்கமாக, ஒதுக்குகிறது. நம் வங்காள விரிகுடாவிலும் தலைப்பக்கம், ஹூக்ளி முகத்துவாரத்தில், பல மீட்டர் ஏறும். புதுச்சேரிக்குத்தான் அந்தச் சிரமம் வைக்கப்படவில்லை.

அந்த முன்னுரையில் ஓர் எச்சரிக்கை: அட்டவணையின் நேரங்கள் ஆண்டு முழுவதும் குளிர்கால நேரப்படி தரப்பட்டுள்ளன, கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்க. இதை மனத்தில் பதித்துக்கொண்டேன். மறுநாள் காலை விடுதி வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீர் மிகவும் வற்றும் நேரம் 8.10 என்று போட்டிருந்தது. நான் ஒரு மணியைக் கூட்டினேன். 9.10.

எட்டரைக்குப் புறப்பட்டோம். வெளிச்சம் நன்றாக இருந்தது, காற்று இல்லை. பாறைத் தட்டில் நீர் குட்டைகளாகத் தேங்கியிருந்தது. போர்த் தாவாலுக்கு அருகே பாறையில் வெட்டிய தொட்டிகளின் மிச்சம் தெரிந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிப்பி வளர்த்த தொட்டிகள், அரசி மரி ஆந்த்துவானெத்தின் விருந்துக்குப் போனவை. அந்தச் சிப்பிகளை இங்கே வைத்துக் கொழுக்க வைத்து, பாரிஸ் வரை வண்டியில் அனுப்பினார்கள். அரசியின் முடிவு தெரிந்ததே. தொட்டிகள் மட்டும் தினம் இரண்டு முறை கடலுக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன.

அங்கே எதிரே ஒரு மூதாட்டி வந்தார். முழங்கால் வரை ரப்பர் காலணி, கையில் பாதி நிறைந்த மட்டிச் சிப்பி வாளி. வணக்கம் சொன்னேன். எங்களையும் பையனையும் பார்த்துவிட்டு, "நீர் ஏறுகிறது, மெஸ்யே" என்றார். நான் பணிவாக, இன்னும் அரை மணி வற்றும் அம்மா, என்றேன். என் பிரெஞ்சு சுத்தமான பிரெஞ்சு. தீக்தேயில் வளர்ந்த பிரெஞ்சு. அவர் தோளைக் குலுக்கிவிட்டு நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று நான்கு பேர் வாளிகளோடு ஊர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள் என்பதை நான் பார்த்தேன். பார்த்ததை எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த ஊர்ப் பெண்கள் ஓதத்தை அட்டவணையில் படித்தவர்கள் அல்லர். எத்ரெத்தாவில் ஆறு கிடையாது. நிலத்துக்கடியில் ஓடும் நன்னீர் கடற்கரையிலேயே கூழாங்கற்களின் நடுவே ஊறி வெளியே வரும். நீர் வற்றிய நேரத்தில் துணி வெளுக்கும் பெண்கள் கல்லை ஒதுக்கிக் குழி தோண்டி, அந்த நன்னீரில் துணி அலசுவார்கள். கடல் திரும்பி வருவதற்குள் மூட்டை கட்டிக் கிளம்பிவிட வேண்டும். பழைய அஞ்சலட்டைகளில் இந்தப் பெண்கள் வரிசையாக மண்டியிட்டிருப்பதைப் பார்க்கலாம். துறைமுகம் இல்லாத அந்த ஊரில் ஆண்கள் படகுகளைக் கப்பிப் பொறியால் சுற்றிக் கூழாங்கல் மேட்டின்மேல் இழுத்து ஏற்றினார்கள். பழசாகிப்போன படகுகளுக்குக் கூரை வேய்ந்து வலை வைக்கும் கொட்டகையாக்கினார்கள். இவர்கள் ஒருவர் கையிலும் கடிகாரம் இருந்திருக்காது.

ஏணியில் ஏறிச் சுரங்கத்தைக் கடந்து மறுகரைக்குப் போனோம். ஒன்பது மணி. அந்த அழகைப் பற்றி நிறையச் சொல்லலாம், சொல்லப்போவதில்லை. மான்போர்த்தின் கீழே நின்றபோது பேரன் பேச்சை நிறுத்திவிட்டான், அது போதும். அவனுக்கு அங்கே வைத்தே மொனே கதையைச் சொன்னேன். 1885 நவம்பர் கடைசியில் ஓவியர் க்ளோத் மொனே இங்கே பாறைக்கடியில் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். நீர் வற்றிக்கொண்டிருக்கிறது என்பது அவர் எண்ணம். உண்மையில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பேரலை வந்து அவரைப் பாறையில் அடித்து, பின்வாங்கும்போது இழுத்துக்கொண்டும் போயிற்று. முடிந்தோம் என்று நினைத்தவர் எப்படியோ நான்கு காலில் தவழ்ந்து வெளியே வந்தார். கையில் பிடித்திருந்த வண்ணப்பலகை முகத்தில் அப்பி, தாடி முழுக்க நீலமும் மஞ்சளும். படமும் தாங்கியும் போயின. இதையெல்லாம் அவரே ஆலிஸ் அம்மையாருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பேரன் தாடியை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போது மணி ஒன்பதரை.

பத்து மணிக்குச் சுரங்கத்தின் வழியே திரும்பி ஏணித் தலைக்கு வந்தோம். ஏணியின் கீழ்ப்பாதி தண்ணீரில் இருந்தது.

என் கணக்குப்படி நீர் திரும்பி ஐம்பது நிமிடம்தான் ஆகியிருக்க வேண்டும். உண்மையில் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. மாலுமிகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு ஒன்று உண்டு: மொத்த ஏற்றத்தில் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. அன்றைய ஏற்றம் 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதல் ஐம்பது நிமிடத்தில் அரை மீட்டர். இரண்டு மணி நெருங்கும்போது ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு மூன்று சென்டிமீட்டர். நான் கூட்டிய ஒரு மணிக்கு விலை ஒரு மீட்டர் தண்ணீர்.

"இறங்கி நடந்துவிடலாமா மாமா? இடுப்பளவுதான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. பதினொரு வயதுப் பையனுக்கு இடுப்பளவு எங்கே நிற்கும் என்று பார்த்தேன். பாசிப் பாறை, ஒவ்வொரு அலைக்கும் நீர் முழங்கால் அளவு உயர்ந்து தாழ்ந்தது. "வேண்டாம் மாப்பிள்ளை, இங்கேயே இருப்போம்" என்றேன். அன்று காலையிலிருந்து நான் சொன்னதில் சரியான வார்த்தை அது ஒன்றுதான். அவர் கைப்பேசியில் 112-ஐ அழைத்தார். எடுத்தவர் அதிகம் ஆச்சரியப்படவில்லை. காயம் உண்டா, குளிருகிறதா, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். குகை உயரத்தில் இருக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது, உள்ளே தள்ளி உட்காருங்கள், எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள் என்றார். சற்று நேரத்தில் கரையில் இரண்டு தீயணைப்புக்காரர்கள் வந்து எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் குகைக்குப் பெயர் ட்ரூ ஆ லோம், மனிதன் பொந்து. 1792-இல் ஒரு சுவீடன் கப்பல் இங்கே புயலில் உடைந்ததாம். ஒரே ஒரு மாலுமி மட்டும் உயிரோடு கிடைத்தான், அலை அவனைத் தூக்கி இந்தப் பொந்துக்குள் எறிந்திருந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். பேரனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி: "அப்படியென்றால் அலை இவ்வளவு மேலே வரும்தானே, தாத்தா?" நான் கதையை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

எட்டரை மணி நேரம். எங்களிடம் இருந்தது ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும். எதிரே, ஒரு கல்லெறி தூரம் என்று தோன்றும்படி, ஊர்க் கடற்கரையில் மனிதர்கள் குழந்தைகளோடு உலாவினார்கள். அந்தப் பக்கத்துப் பாறைமேல் மாலுமிகளின் தேவாலயம் வெயிலில் நின்றது. மகள் கரையிலிருந்து அரை மணிக்கொரு முறை போன் செய்தாள். பையனிடம் பேசினாள், அவள் கணவரிடம் பேசினாள், என்னிடம் பேசவில்லை. பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு நீர் முழுதாக நிறைந்தது. குகையின் தரை ஈரமாகவில்லை, ஆனால் கீழே பாறையில் ஒவ்வொரு அலையும் மோதும்போது முதுகு சாய்ந்திருந்த சுவரில் அதிர்வு தெரிந்தது. மேலிருந்து அவ்வப்போது சின்னச் சின்ன சுண்ணாம்புத் துண்டுகள் நீரில் விழுந்தன. அந்தக் கரை ஆண்டுக்குச் சராசரியாக 20 சென்டிமீட்டர் அளவு பின்வாங்குகிறது என்று படித்திருக்கிறேன். ஆண்டுக்கு 20 என்றால் தினம் இத்தனை என்று பிரித்துக் கொடுப்பதில்லை; பல வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஒரு துண்டாகக் கொடுக்கும். இதையும் பேரனிடம் சொல்லவில்லை.

சொன்னது ஸ்வின்பர்ன் கதை. 1868-இல் அந்த ஆங்கிலக் கவிஞர் எதிர்ப்பக்கத்து வளைவருகே நீந்தப் போனார். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர். நீரோட்டம் அவரை வளைவுக்குள் இழுத்து வெளிக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. பக்கத்து ஊரான இப்போரின் மீன்பிடிப் படகு ஒன்று அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அந்த ஊரில் கொண்டு இறக்கியது. அப்போது எத்ரெத்தாவில் வளர்ந்துகொண்டிருந்த பதினெட்டு வயது மாப்பசான் இந்தச் சம்பவத்தால் அவரோடு பழக்கம் கொண்டு, பிற்காலத்தில் அதைப் பற்றி எழுதினார். எங்களுக்கு மட்டும் மீன்பிடிப் படகு எதுவும் வரவில்லை.

மாலை ஆறரைக்கு மேல் ஏணியின் அடி தெரிந்தது. இறங்கினோம். கால் மரத்துப்போயிருந்தது, மாப்பிள்ளைதான் என்னைப் பிடித்து இறக்கினார். "பரவாயில்லை மாமா, அட்டவணை தப்பாகப் போட்டிருப்பார்கள்" என்றார். நல்ல பிள்ளை. விடுதி வாசலில் அந்தத் தாளின் முன் நின்றேன். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: நேரங்கள் நடப்பு நேரப்படி, கோடை நேரம் சேர்க்கப்பட்டது. அடிக்குறிப்பு. ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பை மனப்பாடம் செய்துகொண்டு இன்னொரு தாளின் அடிக்குறிப்பைப் படிக்காமல் போயிருக்கிறேன்.

ஊர் திரும்பும்போது மொனே 1883-இல் வரைந்த மான்போர்த் ஓவியத்தின் அச்சுப் பிரதி ஒன்று வாங்கிவந்தேன். மூலப் படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வளைவின் அடியில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும், எறும்பளவில் இரண்டு மனிதர்கள். என் எழுதுமேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். பேரன் விடுமுறைக்கு வந்தபோது வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் பொறியியல் முடித்து வேலைக்குப் போய்விட்டான். "இதில் நீர் ஏறுகிறதா, வற்றுகிறதா தாத்தா?" என்றான். படத்தில் அது தெரியவில்லை.